வளையம் இல்லை

கோப்புக்குத் துளை போடும்போது
மேசையில் உதிருமே வெள்ளைப் பொட்டு,
அவ்வளவுதான் ஒரு வில்லை.
ஆறு மில்லிமீற்றர்.
ஐம்பது அடுக்கிய சிறு குழாய்,
அடியில் ஈரம் குடிக்கிற நீலமணிப் பொதி.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
ஐஸ் பெட்டிக்குள் வந்து சேரும்.
கரண்ட் போனால் எனக்கு முதலில் நினைவு வருவது
வீட்டுப் பிறிச்சில் இருக்கிற மீன் அல்ல.

செவ்வாய், பதினேழாம் வாட்டின் இரத்தப் போத்தல்
கலங்கியிருந்தது. அருளம்பலம், வயது 58.
தொழில் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.
சாயம் ஏற்றிப் பார்த்தேன்:
மெல்லிய சிவப்புக் கோல்கள்
இரு முனையும் தடித்து, நடுவில் வெளிறி,
சேப்ரிப்பின்னைச் சிதறவிட்டது போல.

போன கிழமையும் இதே பெயரில் ஒரு போத்தல் வந்தது.
அன்று எனக்குப் பின் தெரியவில்லை.
‘வெளியிலிருந்து சேர்ந்த கிருமியாக இருக்கலாம்,
மீண்டும் அனுப்பவும்’ என்று எழுதினேன்.
பதிவேட்டில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

புதன்.
பல்லுக்குத்தும் குச்சியால் கொஞ்சம் எடுத்து
ஒக்சிடேஸ் வில்லையில் தேய்த்தேன்.
(கம்பி வளையம் ஆகாது, இரும்பு பொய் சொல்லும்.)
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலில் அது நாவற்பழம் தின்ற நாக்கு.
பத்துக்குப் பிறகு வருகிற நிறத்தை நம்பக்கூடாது.
நேரம் கொடுத்தால் எந்தக் கடதாசியும் ஊதாவாகும்.

மண் மணக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது.
மூக்கைக் கொண்டுபோகாதே என்றும்
அதே பக்கத்தில் இருக்கிறது.

கண்ணாடிக் கூட்டுக்குள் கைவிட்டு
நாற்றுமேடை விதைக்கிற மாதிரிச் சீராய்ப் பரப்பி
மூன்று வில்லைகளை இடைவெளி விட்டு வைத்தேன்:
ஜென்ரமைசின், கொலிஸ்ரின், கோ-அமொக்சிகிளாவ்.
முப்பத்தைந்து பாகையில் ஓர் இரவு.
மூன்று இருபதுக்குக் கரண்ட் நின்றது,
ஜெனரேற்றர் ஏழு நிமிடம் பிந்தியது.
அந்த ஏழு நிமிடமும் இன்கியூபேற்றர் கதவில்
கையை வைத்துக்கொண்டு நின்றேன்,
என்னால் ஒரு பிரயோசனமும் இல்லாமல்.

விடிய, பிளேற்றைக் கறுப்புத் துணிமேல் கவிழ்த்தேன்.
மூன்றாவது வில்லையைச் சுற்றித் தெளிந்த வெளி.
அளவுகோல் இருபத்தாறு என்றது.
மற்ற இரண்டுக்கும் வளையம் இல்லை.
மருந்தின் விளிம்பு மட்டும் வந்து முட்டி நின்றது,
இரவோடிரவாகக்
கதியாலைத் தள்ளி நட்டவன் போல.

வாட்டில் அவருக்கு ஏறிக்கொண்டிருந்தது
ஜென்ரமைசின். நாலாம் நாள்.

“டொக்டர் தமயந்தி, அது மாசு இல்லை.
கொழும்புக்கு அனுப்பித்தான் உறுதிப்படுத்த வேணும்,
ஆனா அதுவரைக்கும் பொறுக்க வேண்டாம், மருந்தை மாத்துங்கோ.
அவர் என்ன வேலை செய்யிறவர் எண்டும்
ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.”

ரிசீவர் மேசையில் வைக்கிற சத்தம்.
ட்ரொலிச் சில்லுகள். யாரோ இருமினார்கள்.
ஒரு தாதி யாரையோ ஏசினாள்.

“ஒரு வேலையும் இல்லை எண்டுறார்.
வசாவிளானில காணியாம், ஐப்பசியில விட்டவங்களாம்.
முப்பத்து மூண்டு வருசம் ஆமிக்குள்ள கிடந்ததாம்.
பத்தை வெட்டிக் கொத்தினது மட்டும்தானாம்.
மழை ஈரத்தில, வெறுங்காலோட.
உங்களிட்ட அவருக்கும் ஒரு கேள்வி இருக்கு.”

“என்னட்டையோ?”

“வெங்காயம் நட்டாச்சாம். மகன் போய்த்
தண்ணி மாறலாமோ எண்டு கேக்கிறார்.”

இதற்கு எங்களிடம் வில்லை இல்லை.

“போகலாம். சப்பாத்துப் போட்டுக்கொண்டு
இறங்கச் சொல்லுங்கோ” என்றேன்.

அந்தக் காணியில் சப்பாத்து.
சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.
அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம்
ஒரு சத்தமும் இல்லை.

போன கிழமைப் பக்கத்தைத் திறந்து
என் வரியை ஒரே கோட்டால் வெட்டினேன்.
வெட்டியது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்,
அதுதான் விதி. பக்கத்தில் திகதி, ஒப்பம்.

கொலிஸ்ரின் குழாயில் மிச்சம் மூன்று.
மூடியைத் திருகினேன். நீலமணிகள்
இளஞ்சிவப்பாகத் தொடங்கியிருந்தன.